பாவனைப் பயிற்சியை நடத்துவது எப்படி? தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குலசேகரத்தில் என் மாமாவின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் புதிதாக வருபவரிடம் முதல் நாளே நல்ல மரத்தை ஒப்படைக்க மாட்டார்கள். அறுத்து மாற்றவிருக்கும் முதிய மரங்களில் சில வாரங்கள் கத்தி பழகிய பின்னரே அவர் இளம் மரத்தின் பக்கம் அனுமதிக்கப்படுவார். பட்டையைச் சீவும்போது உள்ளிருக்கும் வளர்திசுவுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்பாகவே கத்தி நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் மரம் காயப்பட்டு, அந்த இடத்துப் பட்டை முடிச்சு முடிச்சாகப் புடைத்து வளர்ந்து, பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் வெட்ட வருபவருக்குத் தொல்லை தரும். அந்த ஒரு மில்லிமீட்டரை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. கைதான் அதைக் கற்க வேண்டும்; கை கற்பதற்குத் தவறு செய்ய இடம் வேண்டும்; அந்தத் தவறின் விலையை நல்ல மரம் கொடுக்கக் கூடாது.

தொழிற்கல்வியில் பாவனைப் பயிற்சி, அதாவது சிமுலேஷன் என்று நாம் சொல்வது, இதே ஏற்பாடுதான். மெய்யான நோயாளி, மெய்யான கப்பல், மெய்யான வகுப்பறை ஆகியவற்றின் இடத்தில் அவற்றைப் போன்ற ஒன்றை வைத்து, மாணவர் அதில் செயல்பட்டு, தவறி, அந்தத் தவற்றைப் பற்றிப் பேசி, மறுபடியும் செய்து பார்க்க வழி செய்வது. கன்னியாகுமரி மாவட்டத்தில் செவிலியர் மாணவியருக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் நான், பொம்மைகளை வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் ஆய்வகங்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு வாழைப்பழத்தையும் ஒரு தராசையும் வைத்துக்கொண்டு நல்ல பயிற்சி நடத்தும் ஆசிரியைகளையும் பார்த்திருக்கிறேன். கருவியின் விலைக்கும் கற்றலின் அளவுக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. பயிற்சியின் போது நடப்பதைவிட, அது முடிந்தபின் நடக்கும் பேச்சில்தான் மாணவர் மிகுதியாகக் கற்கிறார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

முன்னோடிகள் கற்றுத் தரும் ஒரு பாடம்

சுஸ்ருத சம்ஹிதையில் அறுவை பழகும் மாணவருக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கீறுவதைப் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களிலும், இரத்தக் குழாயைத் துளைப்பதைத் தாமரைத் தண்டிலும் இறந்த விலங்குகளின் நாளங்களிலும், தைப்பதைத் துணியிலும் மெல்லிய தோலிலும், கட்டுப் போடுவதைப் பொம்மையிலும் பழகச் சொல்கிறது. எல்லாவற்றையும் படித்திருந்தாலும் கை பழகாதவன் செயலுக்குத் தகுதியற்றவன் என்பது அந்நூலின் நிலைப்பாடு. ஒவ்வொரு செயலுக்கும் வெவ்வேறு பொருளைத் தேர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். முழு உடலையும் செய்து காட்ட அது முயலவில்லை; கைக்கு எந்த உணர்வு தேவையோ அதை மட்டும் தரும் பொருளைத் தேடியது.

1929-இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் செய்த விமானப் பயிற்சிப் பெட்டியும் அப்படித்தான். இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்த அவர், ஆர்கனில் காற்று ஊதும் துருத்திகளைக் கொண்டே அந்தப் பெட்டியைச் சாய்க்கவும் திருப்பவும் வழி கண்டார். பார்வைக்கு அது விளையாட்டு விமானம் போலத்தான் இருந்தது. ஆனால் மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதை அது கற்றுக் கொடுத்தது. 1934-இல் மோசமான வானிலையில் தபால் விமானங்களை ஓட்டிய இராணுவ விமானிகள் பலர் இறந்த பிறகே அந்நாட்டு இராணுவம் அந்தப் பெட்டிகளை வாங்கியது. உயிர்கொடுக்கும் முதலுதவி பழக இன்று உலகமெங்கும் பயன்படும் ரெசசி ஆன் பொம்மையை 1960-இல் உருவாக்கியவரும் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளரான ஆஸ்முண்ட் லேர்டால்தான்.

படி 1: எதைப் பாவனை செய்வது என்று முடிவு செய்தல்

பாவனைப் பயிற்சி நேரம் தின்னும் வேலை. 15 நிமிடப் பயிற்சிக்கு ஒரு பிற்பகல் போய்விடும். எனவே வார்டிலேயே மேற்பார்வையில் பாதுகாப்பாகப் பழகக்கூடிய எதையும் இதற்குள் இழுக்காமல் இருப்பது நல்லது. படுக்கை விரிப்பதற்கும் வெப்பநிலை பார்ப்பதற்கும் வார்டே போதும்.

அரிதாக நடந்து, நடக்கும்போது உயிரைப் பறிப்பவற்றை முதலில் எடுக்க வேண்டும்: பிரசவத்துக்குப் பிந்தைய இரத்தப்போக்கு, இதயத் துடிப்பு நின்றுபோவது, மருந்தால் வரும் கடும் ஒவ்வாமை ஆகியவை. மூன்றாண்டுப் படிப்பில் இவற்றில் ஒன்றைக்கூட நேரில் காணாமல் வெளியேறும் மாணவி உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் இரவுப் பணியிலேயே அதைக் காண நேர்பவளும் உண்டு. அடுத்து, அடிக்கடி நடந்தும் அடிக்கடி தவறாகவே நடப்பவை: பணி மாறும்போது நோயாளியை ஒப்படைப்பது, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொல்வது, வருத்தமான செய்தியைக் குடும்பத்தாரிடம் சொல்வது. இந்த மூன்றுக்கும் பொம்மையே வேண்டாம்.

மற்றத் தொழில்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சின்னமுட்டத்திலும் கடலுக்குப் போகும் இளைஞருக்கு வலை வீசக் கற்றுக் கொடுக்க நாம் தேவையில்லை. அதை அவர் அப்பாவிடமும் அண்ணனிடமும் படகிலேயே கற்கிறார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு: உயிர்காப்புச் சட்டையைத் தண்ணீருக்குள் கிடந்தபடியே அணிவது, வி.எச்.எஃப். ரேடியோவில் 16-ஆம் சேனலில் அபாய அழைப்பு விடுத்து இருக்கும் இடத்தைத் தெளிவாகச் சொல்வது, கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு ஒன்றாகவே இருப்பது. இவற்றைக் கரையோர ஆழமற்ற நீரிலோ ஒரு குளத்திலோ பழகலாம். வணிகக் கப்பல் அதிகாரிகளுக்கான 1978-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை 1995-இல் திருத்தப்பட்டபோது ரேடார் பயிற்சிக்குப் பாவனைக் கருவியைக் கட்டாயமாக்கியதும் இதே காரணத்தால்தான். மோதல் வரும்வரை காத்திருந்து மோதலைத் தவிர்க்கக் கற்க முடியாது.

படி 2: நோக்கத்தைச் சுருக்குதல்

ஒரு பயிற்சிக்கு இரண்டு நோக்கங்கள் போதும், மூன்று அதிகபட்சம். ‘இரத்தப்போக்கு மேலாண்மையை அறிந்துகொள்வர்’ என்பது நோக்கமாகாது, ஏனெனில் அறிந்துகொண்டதை நாம் கண்ணால் காண முடியாது. ‘இரத்தப்போக்கு 500 மில்லிலிட்டரை எட்டும் முன் உதவிக்குக் குரல் கொடுப்பாள்’, ‘நனைந்த துணிகளை எடை போட்டு இழப்பைக் கணக்கிடுவாள்’ என்று எழுதினால், அறையின் மூலையில் நிற்கும் எவரும் நடந்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம். நோக்கத்தை எழுதிய தாளை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பேசும்போது வேறு எங்கோ போய்விடாமல் அது காக்கும்.

படி 3: கருவியைத் தேர்தல்

கையின் திறனுக்கு உறுப்பு மாதிரி போதும். ஊசி போடுவதற்கு ஆரஞ்சுப் பழம், தையலுக்குப் பன்றித் தோல் அல்லது வாழைப்பழத் தோல். நம் ஊர் மட்டிப் பழத்தின் தோல் மெல்லியது. அதைக் கிழிக்காமல் தைக்கப் பழகியவளுக்குத் தடித்த தோலுள்ள நேந்திரன் எளிதாகிவிடும். ஆகவே நேந்திரனில் தொடங்கி மட்டியில் முடிக்கச் சொல்வேன். முடிவெடுக்கும் திறனுக்கு மாறிக்கொண்டே இருக்கும் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் தேவை. அதைக் கணினி பொருத்திய பொம்மையும் காட்டும், ஆசிரியை ஒரு வெள்ளைப் பலகையில் மார்க்கரால் எழுதி அழித்தும் காட்டலாம். பேச்சுத் திறனுக்கு மனிதர் வேண்டும். நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு மருத்துவ மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை 1960-களின் தொடக்கத்தில் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கினார். நம்மிடம் அதற்குப் பணம் கொடுத்து ஆள் வைக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரோ, தேவாலய மாதர் சங்கத்தில் நாடகம் போட்டுப் பழகிய ஒருவரோ போதும், அவருக்கு ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்திருந்தால்.

மெய் போலத் தோன்றுவது எங்கே தேவை, எங்கே வீண் என்று பிரித்தறிவதே ஆசிரியரின் கலை. ரப்பர் தோட்டத்து முதிய மரம் பால் தருவதில் இளம் மரத்தைப் போன்றதல்ல. கத்தி படும் உணர்வில் மட்டும் அதைப் போன்றது. பயிற்சிக்கு அதுதான் தேவை.

2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் ஆய்வகத்தை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2021-இல் திருத்தப்பட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டமும் பாவனைப் பயிற்சியைக் கற்பிக்கும் முறைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இதனால் கல்லூரிகள் பொம்மை வாங்குகின்றன. வாங்கட்டும். ஆனால் அதை இயக்கவும் அதன்பின் மாணவியரோடு பேசவும் ஆசிரியைக்குப் பயிற்சி கொடுக்காமல் வாங்கப்படும் பொம்மை அலமாரியில்தான் உறங்கும்.

படி 4: சூழலை எழுதுதல்

ஒரு சூழலை முழுமையாக எழுதிக் காட்டுகிறேன். தக்கலைப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பெண், வயது 26, இரண்டாவது பிரசவம், குழந்தை பிறந்து 20 நிமிடம், நஞ்சுக்கொடி வெளிவந்துவிட்டது. அறையில் இரண்டு மாணவியர். மூன்றாவது மாணவி வெளியே, அழைத்தால் மட்டும் வருவாள். தொலைபேசியின் மறுமுனையில் மருத்துவராக ஓர் ஆசிரியை. படுக்கையருகே மாமியாராக இன்னொருவர்.

தொடக்கத்தில் நாடி 92, இரத்த அழுத்தம் 110/70. இரண்டாம் நிமிடத்தில் மாமியார் பேசுகிறார்: “சிஸ்டர், எம் மருமவளுக்கு மயக்கமா வருதுன்னு சொல்லுதா, கொஞ்சம் வந்து பாருங்கம்மா.” ஐந்தாம் நிமிடத்தில் நாடி 118, அழுத்தம் 96/60, அடியில் விரித்த துணி முழுவதும் நனைந்திருக்கும். வயிற்றின் மேலிருந்து கருப்பையைப் பிசைந்துவிட்டு, உதவிக்கு அழைத்து, இரண்டு பெரிய ஊசிவழி நரம்பு திறந்து, வார்டு நெறிமுறையின்படி கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினும், குழந்தை பிறந்த மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய, இரத்தக் கட்டி கரையாமல் காக்கும் ஒரு கிராம் டிரானெக்சாமிக் அமிலமும் கேட்டுப் பெற்று, சிறுநீர்ப்பையைக் காலி செய்திருந்தால், பத்தாம் நிமிடத்தில் நாடி 104-க்கு இறங்கும். இவற்றில் உதவிக்கு அழைப்பதும் கருப்பையைப் பிசைவதும் விட்டுப்போயிருந்தால் நாடி 136, அழுத்தம் 80/50. எந்தச் செயலுக்கு எந்த எண் மாறும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால், ஆசிரியை அந்த நேரத்தின் மனநிலைக்கேற்ப எண்களைச் சொல்லத் தொடங்குவார். மாணவியர் உடலியக்கத்தைக் கற்காமல் ஆசிரியையின் முகத்தைப் படிக்கக் கற்பர்.

இரத்தத்துக்கு நான் பயன்படுத்துவது ஆறிய கஞ்சித்தண்ணீரும் சமையல் சிவப்புச் சாயமும். வெறும் நீர் துணியில் விரைந்து பரவி வெளிறிவிடும். கஞ்சியின் கெட்டித்தன்மைதான் அது மெதுவாக ஊறுவதைப் போலக் காட்டுகிறது. முதல் வகுப்பில் இதையே தனிப் பயிற்சியாக வைக்கலாம். 250, 500, 1000 மில்லிலிட்டர் என அளந்து மூன்று துணிகளில் ஊற்றி, எவ்வளவு என்று கண்ணால் மதிப்பிடச் சொல்லுங்கள். பெரிய இழப்பைக் குறைத்து மதிப்பிடுவதே பொதுவான தவறு என்பதை மாணவியர் தம் கண்ணாலேயே கண்டுகொள்வர். அதன்பின் நனைந்த துணியின் எடையிலிருந்து உலர்ந்த துணியின் எடையைக் கழிக்கச் சொல்லுங்கள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். காய்கறிக் கடைத் தராசு போதும்.

படி 5: ஒத்திகை

மாணவியர் இல்லாமல் ஆசிரியைகள் மட்டும் ஒருமுறை நடத்திப் பாருங்கள். மாமியாராக நடிப்பவர் ஆர்வத்தில் விடையைச் சொல்லிவிடுகிறாரா, ஊசிவழி நரம்பு திறக்கும் பொருட்கள் எட்டும் தூரத்தில் இருக்கின்றனவா, அறைக் கடிகாரம் ஓடுகிறதா என்பவை அப்போதுதான் தெரியும்.

படி 6: முன்விளக்கம்

மாணவியர் அறைக்குள் நுழையும் முன் 10 நிமிடம் ஒதுக்குங்கள். பொம்மை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தொட்டுப் பார்க்க விடுங்கள். நாடி கழுத்தில் கிடைக்கும், மணிக்கட்டில் கிடைக்காது என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். பொம்மையின் குறையால் ஒருத்தி தவறிவிட்டு அதைத் தன் குறை என்று நினைக்கக் கூடாது. இது தேர்வல்ல, மதிப்பெண் இல்லை, இங்கு நடந்தது இங்கிருந்து வெளியே போகாது, யாரும் கைபேசியில் படம் எடுக்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சொன்னால் போதாது, அடுத்த நாள் ஆசிரியர் அறையில் அந்த மாணவியைப் பற்றி ஒரு சொல்கூட நாமே பேசாமல் இருக்க வேண்டும்.

படி 7: நடத்துதல்

10 முதல் 15 நிமிடம். இந்த நேரத்தில் ஆசிரியை வாய் திறக்கக் கூடாது. இது எளிதல்ல. மாணவி துணியை மாற்றிக்கொண்டே இருக்கிறாள், உதவிக்கு அழைக்கவில்லை, எண்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. நம் கை அவள் தோளைத் தொட எழும். எழும் கையை அடக்கிக்கொண்டு, நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்வதே அப்போது நம் வேலை: ‘6 நிமிடம் 20 நொடி, கருப்பையில் கை வைத்தாள்.’ இந்தக் குறிப்புகளே பின்னால் உரையாடலுக்கு அடித்தளம்.

செய்வதாகச் சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ‘கையைக் கழுவிவிட்டேன் மிஸ்’, ‘மருந்தின் காலாவதி தேதி பார்த்துவிட்டேன் மிஸ்’ என்று வாயால் சொல்லி முடிக்கும் பழக்கம் ஆய்வகத்தில் பிறந்து வார்டுக்கும் போய்விடுகிறது. கழுவ வேண்டியதைக் கழுவட்டும். படிக்க வேண்டியதைக் குப்பியைக் கையில் எடுத்துப் படிக்கட்டும். பாவனைப் பயிற்சி தவறான பழக்கத்தையும் நல்ல பழக்கத்தைப் போலவே உறுதியாகக் கற்றுக் கொடுக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இன்னொரு பாதுகாப்பு விதி உண்டு. பயிற்சிக்கான குப்பிகளும் சலைன் பைகளும் ஒருபோதும் வார்டுப் பொருட்களோடு கலக்கக் கூடாது. 2014-இல் அமெரிக்காவில், பயிற்சிக்கென்று மட்டும் தயாரிக்கப்பட்ட, கிருமி நீக்கம் செய்யப்படாத உப்புநீர்ப் பைகள் சிகிச்சை நிலையங்களுக்குச் சென்று நோயாளிகளின் நரம்பில் ஏற்றப்பட்டு, பலர் கடுங்காய்ச்சலுக்கு ஆளாயினர். ஒவ்வொரு பயிற்சிக் குப்பியிலும் தடித்த சிவப்பு எழுத்தில் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று ஒட்டுங்கள்; பயிற்சி முடிந்ததும் எண்ணி, பெட்டியில் பூட்டுங்கள்.

படி 8: பின்னுரையாடல்

டீப்ரீஃபிங் என்று சொல்லப்படும் இந்தப் பகுதிக்கு, நடத்திய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். பயிற்சி 12 நிமிடம் என்றால் பேச்சு 25 நிமிடம். நேரம் போதவில்லை என்றால் பயிற்சியைக் குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள். வட்டமாக உட்காருங்கள், மேசைக்குப் பின்னால் ஆசிரியை உட்கார்ந்தால் அது விசாரணை ஆகிவிடும்.

முதலில் மனம் இறங்க விடுங்கள். ‘எப்படி இருந்தது?’ என்ற ஒரே கேள்வி. கை நடுங்கியது, அழுகை வந்தது, ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்பார்கள். அதற்குத் தீர்வு சொல்ல முயல வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள். ஓரிரு நிமிடத்தில் அது அடங்கும். பிறகு என்ன நடந்தது என்று ஒருத்தியைக் கதை போலச் சொல்லச் சொல்லுங்கள், அப்போதுதான் மூவரும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிப் பேசத் தொடங்குவர். அதன்பின்தான் ஆய்வு.

இந்த ஆய்வை நான் பல ஆண்டுகள் தவறாகச் செய்தேன். தொடக்க காலத்தில் ஒரு நிறுவனத்தில் இதே இரத்தப்போக்குப் பயிற்சியை நடத்தியபோது, மருத்துவரை அழைக்காமல் ஏழு நிமிடம் நின்ற மாணவியை மற்றவர்கள் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அவள் மனத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவே இல்லை. மூன்று வாரம் கழித்து வேறொரு பேச்சின் நடுவே அவளே சொன்னாள்: வார்டில் மாணவியர் மருத்துவரை நேரடியாக அழைத்தால் பணிச் செவிலியர் கோபப்படுவார்கள், முதலில் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்ததாம், அந்த அறையில் பணிச் செவிலியர் யாரும் இல்லாததால் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் நின்றாளாம். அவளுக்கு அறிவு குறையவில்லை. அவளுக்குக் கிடைத்த விதி அந்தச் சூழலுக்குப் பொருந்தவில்லை. நான் கடிந்ததால் அந்த விதி அப்படியே அவளிடம் இருந்தது.

அதன்பின் நான் கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். கண்டதைச் சொல்வது, அதனால் எனக்கு ஏற்பட்ட கவலையைச் சொல்வது, பிறகு அவள் எண்ணத்தைக் கேட்பது என்ற மூன்று பகுதி. அண்மையில் நடந்த ஓர் உரையாடலை அப்படியே தருகிறேன்.

“அஞ்சாவது நிமிஷத்துல நீ துணியை மாத்தினே. எடை பாக்காம வாளியில போட்டதைப் பார்த்தேன். எவ்வளவு ரத்தம் போச்சுன்னு அப்புறம் தெரியாமப் போயிருமேன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு. அந்த நேரத்துல உன் மனசுல என்ன ஓடிச்சும்மா?”

“எடை போடணும்னு தெரியும் மிஸ். ஆனா அழுக்குத் துணி நோயாளி கண்ணுல, சொந்தக்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னு பழகிட்டோம்லா. கை தானா வாளிக்குப் போயிட்டு.”

அந்த விடை எனக்குப் பல நாள் வேலையை மிச்சப்படுத்தியது. எடை போட வேண்டும் என்று நூறு முறை சொல்லியிருந்தாலும் அந்தக் கை வாளிக்குத்தான் போயிருக்கும், ஏனெனில் இரண்டு நல்ல பழக்கங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. ‘அப்படியானால் துணி கண்ணில் படாமலும் இருக்க வேண்டும், எடையும் தெரிய வேண்டும், என்ன செய்யலாம்?’ என்று கேட்டபோது, மூன்றாவது மாணவிதான் சொன்னாள்: வாளியையே தராசின் மேல் வைத்துவிடலாம், வெறும் வாளியின் எடையை முதலிலேயே எழுதி ஒட்டிவிடலாம் என்று.

மௌனத்துக்குப் பயப்படாதீர்கள். கேள்வி கேட்டபின் பத்து நொடி மௌனம் ஆசிரியைக்கு நீண்டதாகத் தோன்றும். மாணவிக்கு அது சிந்திக்கும் நேரம். கடைசியாக, ஒவ்வொருத்தியும் அடுத்த முறை வேறாகச் செய்யப்போகும் ஒரே ஒரு செயலை வாயால் சொல்லி முடிக்கட்டும்.

படி 9: மறுபடியும் செய்தல்

பேச்சு முடிந்த அதே பிற்பகலில் அதே சூழலை மீண்டும் நடத்துங்கள். இதைத்தான் பெரும்பாலான கல்லூரிகள் விட்டுவிடுகின்றன. முதல் முறை தவறி, இரண்டாம் முறை சரியாகச் செய்து முடித்த உணர்வோடு வீட்டுக்குப் போகும் மாணவிக்கும், தவறிய உணர்வோடு மட்டும் போகிறவளுக்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

ஒருமுறை கற்றது நிலைப்பதும் இல்லை. இதய அழுத்தப் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவருக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எண்கள் நினைவில் இருக்கும். ஆனால் ஆழத்தைத் தரும் கை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தளர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை முழு நாள் பயிற்சி வைப்பதைவிட, மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பொம்மையின் மேல் கை வைக்கச் செய்வது பயன் தரும். பொம்மையை ஆய்வகத்தில் பூட்டாமல் வார்டின் ஓர் ஓரத்தில் வைத்துவிட்டால் போகிற போக்கில் பழகிக்கொள்வார்கள்.

படி 10: தேர்வைத் தனியாக வைத்தல்

1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய ஓஸ்கி என்னும் தேர்வு முறை, பல நிலையங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பணி, ஒரே மதிப்பெண் தாள், எல்லா மாணவருக்கும் ஒரே நோயாளி என்று அமைந்தது. பிரிட்டனில் பதிவு பெற விரும்பும் வெளிநாட்டுச் செவிலியர் எழுதும் தேர்வும் பத்து நிலையங்கள் கொண்ட ஓஸ்கியே. நம் மாவட்டத்திலிருந்து அங்கே செல்லும் பெண்கள் பலர் முதன்முறையாக நடிப்பு நோயாளி ஒருவரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வதே அந்தத் தேர்வு மண்டபத்தில்தான். கைத் திறனில் குறைவில்லாதவர்கள், நோயாளியிடம் ஒப்புதல் கேட்க மறந்து மதிப்பெண் இழக்கிறார்கள். முதலாண்டிலிருந்தே ‘ஆச்சி, நான் உங்களுக்கு பி.பி. பாக்கப் போறேன், பாக்கலாமா?’ என்று கேட்டுப் பழகியவளுக்கு அது இயல்பாக வரும்.

ஆனால் பயிற்சி அறையையும் தேர்வு அறையையும் ஒன்றாக்காதீர்கள். மதிப்பெண் வந்தவுடன் மாணவி தெரியாததை மறைக்கத் தொடங்குவாள். மறைத்தபின் பின்னுரையாடலுக்குப் பொருளே இல்லை. நாளையும், முடிந்தால் அறையையும், வேறாக வையுங்கள்.

படி 11: வார்டில் தெரிகிறதா என்று பார்த்தல்

பயிற்சி பிடித்திருந்ததா என்று கேட்டுத் தாள் நிரப்பி வாங்குவதோடு பெரும்பாலோர் நின்றுவிடுகிறோம். பயிற்சிகளை மதிப்பிட 1959-இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகளில் அது முதல் நிலை மட்டுமே. கற்றார்களா, பணியில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு மாறியதா என்பவை மீதி மூன்று. மூன்றாம் நிலைக்குப் பெரிய ஆய்வு வேண்டியதில்லை. மகப்பேறு வார்டின் பதிவேட்டை எடுத்து, இரத்த இழப்பு என்ற கட்டத்தில் பயிற்சிக்கு முன் எத்தனை பேருக்கு அளந்த எண் எழுதப்பட்டிருந்தது, எத்தனை பேருக்கு ‘இயல்பு’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது என்று எண்ணுங்கள். பயிற்சி முடிந்து இரண்டு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை மாறவில்லை என்றால் குறை மாணவியரிடம் இருக்காது; வார்டில் தராசு இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இல்லையென்றால் ஆய்வகத்துத் தராசையே அங்கே கொடுத்துவிட்டு, வெறும் வாளியின் எடையை ஒரு பிளாஸ்டரில் எழுதி அதன் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வாருங்கள்.